நாலணா ஸார்!

போன மாதம் பேத்தியின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் ஆசிரியர் கூட்டம். பெற்றோர் இருவருக்கும் ஆபீஸில் தலை போகிற வேலை இருந்ததால், பெற்றோரைப் பெற்றவனான அடியேன் அனுப்பி வைக்கப்பட்டேன்.

"அப்பா, அங்கே போய் ஆர்க்யூ பண்ணாதீங்க. அவங்க சொல்றதைக் கேட்டுக்கிட்டு, கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுங்க" என்று என் மகள் மூன்று தடவை சொல்லி அனுப்பினாள். நாற்பது வருஷம் வங்கியில் மேனேஜர் சொன்னதைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டவனுக்கு இது ஒரு பெரிய காரியமா?

எட்டாம் வகுப்பு பெஞ்சில் எழுபது வயது முழங்கால்களை மடக்கி உட்காருவது ஒரு யோகாசனம். உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருப்பது பற்றிப் பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்று இருந்தபோது கணக்கு மிஸ் வந்தார். சின்னப் பெண். கையில் பேத்தியின் விடைத்தாள்.

ஐந்து மார்க் கணக்கு ஒன்று. நமக்கெல்லாம் பழகிய தண்ணீர்த் தொட்டிதான். ஒரு குழாயைத் திறந்தால் தொட்டி 3 மணி நேரத்தில் நிரம்பும். இன்னொரு குழாயைத் திறந்தால் 6 மணி நேரம் ஆகும். இரண்டையும் சேர்த்துத் திறந்தால் எத்தனை மணி நேரம்? (இரண்டு குழாயிலும் தண்ணீர் வருகிற ஊர் எது என்று நான் கேட்கவில்லை. மகள் பேச்சைத் தட்டக்கூடாது.)

பேத்தி என்ன செய்திருந்தாள் என்றால், ஒரு பெரிய கட்டம் வரைந்து அதை ஆறு சின்னக் கட்டங்களாகப் பிரித்திருந்தாள். சிலவற்றில் குறுக்குக் கோடு, சிலவற்றில் புள்ளி. கீழே, 'விடை: 2 மணி நேரம்'. அவ்வளவுதான். பக்கத்தில் சிவப்பு மையில், 'ஸ்டெப்ஸ் எங்கே?' ஐந்துக்கு இரண்டு மார்க்.

"ஆன்ஸர் கரெக்ட்தான் ஸார். ஆனா எப்படி வந்ததுன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறா. படத்தையே காட்டறா. நாங்க கிளாஸ் முழுக்க லேர்னிங் ஸ்டைல் டெஸ்ட் வெச்சோம். உங்க பேத்தி விஷுவல் லேர்னர் ஸார். அதனால எக்ஸ்ப்ளெய்ன் பண்றது அவளுக்குக் கஷ்டம். அது அவளோட டைப்."

'உங்கள் பேத்தி பி பாஸிட்டிவ்' என்று ரத்த டெஸ்ட் ரிசல்ட் சொல்கிற மாதிரி இருந்தது. இதற்கு மாத்திரை ஏதாவது உண்டா என்று கேட்க நாக்கு துடித்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு, பெஞ்சிலிருந்து என்னை நானே உருவி எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

* * *

அந்த டெஸ்ட் பேப்பரையும் பைக்குள் வைத்துக் கொடுத்திருந்தார்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் குடும்பம் முழுவதும் அதை எழுதிப் பார்த்தோம். கேள்விகள் இந்த மாதிரி: 'வீட்டுக்குப் புது மிக்ஸி வருகிறது. எப்படிக் கற்றுக்கொள்வீர்கள்? படத்தைப் பார்த்தா, ஒருவர் சொல்லக் கேட்டா, கூட வரும் புத்தகத்தைப் படித்தா, கையால் செய்து பார்த்தா?'

மாப்பிள்ளை 'புத்தகத்தைப் படித்து' என்று டிக் செய்தார். வீட்டில் உள்ள அத்தனை சாமான்களின் புத்தகமும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பரண்மேல் இருக்கிறது. மகள் 'கையால் செய்து பார்த்து'. போன தீபாவளிக்கு அந்த முறையில்தான் மிக்ஸி எரிந்துபோனது. என் மனைவி, "இதெல்லாம் எதுக்கு? எதிர் வீட்டு மாமியைக் கூப்பிட்டுப் போடச் சொல்லுவேன்" என்றாள். அதற்குக் கட்டம் இல்லை.

ஆக, அன்று ராத்திரி எங்கள் வீட்டில் நான்கு 'டைப்'பும் இருப்பது தெரியவந்தது. மிக்ஸியைப் போடத் தெரிந்தவர் எதிர் வீட்டில்.

வேடிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். பேத்தி அந்தப் பேப்பரைப் பார்த்துச் சொன்ன ஒரு வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. "நான் விஷுவல் தாத்தா. எனக்குப் பேச வராது." பன்னிரண்டு முடிந்து பதின்மூன்று நடக்கிறது. அதற்குள் தனக்கு என்ன வராது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கையெழுத்தும் என்னுடையது!

நான் சும்மா இருப்பேனா? தேடிப் பிடித்துப் படிக்க ஆரம்பித்தேன்.

இந்த நான்கு வகைச் சமாசாரத்துக்கு 'வார்க்' என்று பெயர். பார்ப்பது, கேட்பது, படித்து எழுதுவது, செய்வது ஆகிய நான்கின் ஆங்கில முதல் எழுத்துகள். நியூஸிலாந்தில் பள்ளி இன்ஸ்பெக்டராக இருந்த நீல் ஃப்ளெமிங் என்பவர் உருவாக்கியது. 1992-ல் காலீன் மில்ஸ் என்பவரோடு சேர்ந்து கட்டுரை எழுதினார். அவர் பாவம், நல்ல மனிதர். 'உனக்கு எது பிடிக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பார்' என்பதற்காகத்தான் அதைத் தந்தார். 'உனக்கு எது வராது' என்று முத்திரை குத்துவதற்கு அல்ல.

ஆனால் நல்ல யோசனை ஒன்று கிடைத்தால் நாலு பேர் சும்மா இருப்பார்களா? 2004-ல் இங்கிலாந்தில் ஃப்ராங்க் காஃபீல்டும் அவர் குழுவினரும் இப்படிப்பட்ட 'கற்கும் பாணி' வகைகளைத் தேடி எண்ணினார்கள். 71 தேறியது. நம் ஊர் சாம்பார்ப் பொடி மாதிரி, ஆளுக்கொரு பக்குவம்.

2008-ல் ஹெரால்ட் பாஷ்லர் முதலான நான்கு அமெரிக்க மனோதத்துவ நிபுணர்கள் இன்னும் ஒருபடி மேலே போய் ஒரு நேரான கேள்வி கேட்டார்கள். 'பார்க்கும் டைப்' பிள்ளைக்குப் படம் காட்டியும், 'கேட்கும் டைப்' பிள்ளைக்கு வாயால் சொல்லியும் கொடுத்தால், மாற்றிக் கொடுப்பதைவிட அதிகமாகக் கற்றுக்கொள்கிறதா? அதைச் சோதித்துப் பார்ப்பதென்றால், ஒவ்வொரு டைப் பிள்ளைகளையும் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குப் பிடித்த முறையிலும் பாதிப் பேருக்குப் பிடிக்காத முறையிலும் பாடம் நடத்தி, எல்லோருக்கும் ஒரே பரீட்சை வைக்க வேண்டும். அப்படி ஒழுங்காகச் செய்யப்பட்ட ஆய்வுகளே மிகக் குறைவு. செய்யப்பட்டவற்றிலும் பல, இந்தக் கொள்கைக்கு எதிராகவே முடிந்திருந்தன. போதுமான ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டார்கள்.

எனக்குப் புரிகிற பாஷையில் சொன்னால், பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்தான் பிடிக்கும். சத்தியம். அதற்காக நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் பஸ் சீக்கிரம் மாயவரம் போய்ச் சேர்ந்துவிடுமா?

கணக்கையும் இந்த டைப்புகளையும் முடிச்சுப் போட்டும் நிறைய எழுதியிருக்கிறார்கள். முக்கியமாக இந்தோனேசியாவிலிருந்து கட்டுரைகள் வந்தவண்ணம் இருக்கின்றன. பெரும்பாலும், ஒவ்வொரு டைப்புக்கும் சில மாணவர்களை உட்காரவைத்து, கணக்கைக் கொடுத்து, எப்படிப் போட்டாய் என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். ஒரு பிள்ளை படம் போட்டுச் சொல்கிறது. ஒரு பிள்ளை வாயால் நன்றாகச் சொல்கிறது, எழுதச் சொன்னால் தடுமாறுகிறது. நம்பக்கூடியதுதான். ஆனால் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்வது ஒரு விஷயம். 'நீ அங்கேயே நில்' என்பது வேறு விஷயம்.

* * *

எனக்கு ஏன் இத்தனை கோபம் என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன். இதுவரை என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை.

1968. மாயவரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். நானும் அப்போது எட்டாம் வகுப்பு. கணக்கு வாத்தியார் கரும்பலகையில் 25-ஐ 36-ஆல் பெருக்கு என்று எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் நான் "தொள்ளாயிரம் ஸார்" என்று கத்திவிட்டேன்.

"எப்படிடா வந்தது?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "நாலணா ஸார்!"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. வாத்தியார் முகம் சிவந்துவிட்டது. கணக்கு கேட்டால் காசு கேட்கிறான் என்று நினைத்தாரோ, நான் கேலி செய்கிறேன் என்று நினைத்தாரோ. பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்தார். அவன் பாவம், முறைப்படி பெருக்கி தொள்ளாயிரம் எழுதி முடித்திருந்தான். "காப்பியடிச்சுட்டு நாலணாவா?" பளாரென்று ஒன்று விழுந்தது. அந்த வாரம் முழுவதும் கணக்குப் பீரியடில் பெஞ்சுமேல் நின்றேன்.

வாசக அன்பர்களே, நான் காப்பியடிக்கவில்லை. 25 பைசா என்றால் நாலணா. 36 நாலணா என்றால், நாலு நாலணா ஒரு ரூபாய், ஆக 9 ரூபாய். 9 ரூபாய் என்றால் 900 பைசா. அப்பாவின் மளிகைக் கடையில் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவன் நான். அது தலைக்குள் தானாக ஓடியது. 'நாலணா ஸார்' என்ற இரண்டு வார்த்தைக்குள் முழுக் கணக்கும் இருந்தது. என்ன குறை என்றால், அது எனக்குள் இருந்தது. அவருக்குப் போய்ச் சேரவில்லை.

அவரும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். 'நாலணான்னா என்னடா?' கேட்கவில்லை. அன்றோடு நான் கணக்கில் வாயைத் திறப்பதை நிறுத்திக்கொண்டேன். விடையை மட்டும் சொல்லுவேன், அல்லது அதையும் சொல்ல மாட்டேன். வங்கியில் கூட்டல் கழித்தலிலேயே காலம் தள்ளினேன், யாராவது "எப்படி ஸார்?" என்று கேட்டால் உள்ளங்கை வியர்க்கும். 2011 ஜூன் கடைசியோடு அரசாங்கம் நாலணாவைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. என் தொண்டையில் சிக்கிய நாலணா மட்டும் செல்லுபடியாகிக்கொண்டே இருந்தது.

இது என் ஒருவன் கதை இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. பிரேஸில் நாட்டில் ரெஸிஃபே என்று ஒரு ஊர். அங்கே தெருவில் தேங்காய், பழம் விற்கிற பிள்ளைகள் ஐந்து பேரிடம், வாடிக்கையாளர் மாதிரி போய்ப் பேசிப் பார்த்தார்கள் மூன்று ஆராய்ச்சியாளர்கள். 1985-ல் வெளிவந்தது. ஒரு தேங்காய் 35 க்ரூஸேரோ, பத்து தேங்காய் எவ்வளவு? பையன் சத்தமாகவே யோசிக்கிறான். மூன்று என்றால் 105, இன்னும் மூன்று 210, இன்னும் நாலு வேண்டும், 315... ஆக 350! நம் கீரைக்காரம்மா போடும் அதே கணக்கு. பக்கத்தில் ஒரு பூஜ்யம் போட்டால் தீர்ந்தது என்று பள்ளிக்கூடம் சொல்லித்தந்ததை அவன் சீந்தவே இல்லை.

தெருவில் அந்தப் பிள்ளைகள் 98 சதவிகிதம் சரியாகச் சொன்னார்கள். அதே மாதிரிக் கணக்குகளை வெறும் எண்களாகக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தபோது சரியானது 37 சதவிகிதம். அதே பிள்ளைகள். அதே மூளை. 2025-ல் நேச்சர் பத்திரிகையில் டெல்லி, கொல்கத்தா சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்ளோவும் அதில் இருந்தார்கள். அங்கேயும் இதே கதை. சந்தைப் பிள்ளைக்குக் கடைக் கணக்கு வந்தது, ஏட்டுக் கணக்கு வரவில்லை. பள்ளிக்கூடம் மட்டுமே போகும் பிள்ளைக்கு ஏட்டுக் கணக்கு வந்தது, கடைக் கணக்கில் தடுமாற்றம். நடுவில் பாலம் இல்லை. 'இதைத்தான் நீ அப்படிச் சொல்கிறாய்' என்று இரண்டு பக்கமும் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

* * *

சரி, பேத்திக்கு வருவோம்.

இதெல்லாம் படித்துவிட்டு நான் ஏதோ பெரிதாகச் செய்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். செய்தது என் மனைவியின் கண்.

அவளுக்குக் காட்டராக்ட் ஆபரேஷன். ஒரு கண்ணில் கட்டு, இன்னொரு கண் கண்ணாடி இல்லாமல் மங்கல். ஒரு நாள் முழுவதும் ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு, டி.வி. பார்க்க முடியாத எரிச்சலில் எல்லோரையும் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். பேத்தி அந்தப் பக்கம் போனாள்.

"ஏண்டி, அந்தத் தொட்டிக் கணக்குக்கு மார்க்கைக் குறைச்சுட்டாங்களாமே. என்னடி போட்டே?"

"இதோ பாரு பாட்டி."

"கண்ணு இருந்தா பாக்க மாட்டேனா? வாயால சொல்லு."

"பாட்டி, எனக்கு அப்படிச் சொல்ல வராது. நான் விஷுவல்."

"நீ என்னவா வேணா இரு. நான் இன்னிக்குக் குருடி. சொல்லு."

நான் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டு காதை மட்டும் அனுப்பினேன்.

"ஒரு தொட்டி இருக்கு. அதை ஆறு கட்டமாப் பிரிச்சுட்டேன்."

"ஏன் ஆறு?"

பேத்தி பேசாமல் இருந்தாள். வாத்தியாராக இருந்தால் அந்த நேரத்துக்குள் அடுத்த பெஞ்சுக்குப் போயிருப்பார். என் மனைவிக்குப் போக இடம் இல்லை. ஊஞ்சலை ஆட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"ஏன்னா... மூணும் ஆறுல போகும், ஆறும் ஆறுல போகும். கட்டம் உடையாது."

"சரி, அப்புறம்?"

"முதல் குழாய் மூணு மணி நேரத்துல ஆறு கட்டத்தையும் ரொப்பிடும். அப்போ ஒரு மணிக்கு ரெண்டு கட்டம். ரெண்டாவது குழாய் ஆறு மணி நேரத்துல ஆறு கட்டம். அப்போ ஒரு மணிக்கு ஒரு கட்டம். ரெண்டும் சேர்ந்தா ஒரு மணிக்கு மூணு கட்டம். ஆறு கட்டத்துக்கு ரெண்டு மணி!"

"அட! இவ்வளவுதானா?" என்றாள் என் மனைவி. பிறகு, அவள் சுபாவப்படி, "ஆறுக்குப் பதிலா பன்னெண்டு கட்டம் போட்டா விடை மாறுமாடி?"

பேத்தி ஒரு நிமிஷம் விரலை மடக்கினாள். "முதல் குழாய் நாலு, ரெண்டாவது ரெண்டு, மொத்தம் ஆறு... பன்னெண்டுக்கு... அதே ரெண்டு மணிதான் பாட்டி!" குரல் ஏறிவிட்டது. "எத்தனை கட்டம் போட்டாலும் அதேதான் வரும். தொட்டி எவ்வளவு பெரிசா இருந்தாலும் அதேதான்!"

இதை அவள் படம் போட்டபோது கண்டுபிடிக்கவில்லை. சொல்லும்போது கண்டுபிடித்தாள். எனக்குப் பேப்பரில் ஒரு எழுத்துத் தெரியவில்லை. கண்ணில் எனக்கு ஆபரேஷன் ஒன்றும் ஆகவில்லைதான்.

சொல்லச் சொல்லப் புரிகிறது என்பது கற்பனை இல்லை. மிஷலின் சீ என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1994-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். அதுவும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்தான். உடம்பில் ரத்த ஓட்டம் பற்றிய பாடத்தைக் கொடுத்து, சிலரை ஒவ்வொரு வரி முடிந்ததும் 'இதற்கு என்ன அர்த்தம்' என்று தனக்குத் தானே விளக்கிச் சொல்ல வைத்தார். மற்றவர்கள் பாடத்தை இரண்டு தடவை படித்தார்கள். விளக்கிச் சொன்னவர்களே அதிகம் புரிந்துகொண்டார்கள். அவர்கள் எந்த டைப் என்று யாரும் பிரித்து வைக்கவில்லை.

கணக்கில் பேசுவது என்றால் மேடை ஏறி முழங்குவது இல்லை. ஒரே விஷயத்தைப் படமாகவும், பேச்சாகவும், எக்ஸ் ஒய் என்ற குறியாகவும் மாற்றி மாற்றிச் சொல்ல வருவது. ஆறு கட்டம் என்பது படம். 'கட்டம் உடையாது' என்பது பேச்சு. மீச்சிறு பொது மடங்கு என்பது பாடப்புத்தகம். மூன்றும் ஒன்றுதான் என்று தெரிகிற பிள்ளைக்குக் கணக்கு வந்துவிட்டது. அமெரிக்கக் கணக்கு ஆசிரியர்களின் சங்கம் 2000-ல் வகுத்த நெறிமுறைகளில் கணக்கை எடுத்துச் சொல்லும் திறனை, கணக்கைப் போடும் திறனோடு சரியாசனத்தில் உட்கார வைத்தது.

நம் திண்ணைப் பள்ளிக்கூடத்திலும் மணலில் விரலால் எழுதி, அதையே வாயால் உரக்கச் சொல்லி, சட்டாம்பிள்ளை சொல்வதைக் காதால் கேட்டுத்தான் எண்சுவடி படித்தார்கள். கண், காது, வாய், கை நான்குக்கும் ஒரே நேரத்தில் வேலை. 'நீ மணல் டைப், நீ சத்தம் டைப்' என்று யாரையும் பிரித்து உட்கார வைக்கவில்லை. ஆனால் அங்கேயும் 'ஏன் ஆறு?' என்ற கேள்விக்குப் பெரிய இடம் இல்லை, மனப்பாடம்தான் ராஜா. ஆகவே பழைய பெருமையை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

விடை மட்டும் எழுதுகிறவர்களின் தலைவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதி வைத்த கும்பகோணத்துக்காரர். சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தாவாக இருந்தபோது, 1913 ஜனவரி 16 தேதியிட்டு ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்கு எழுதிய கடிதத்தில் பக்கம் பக்கமாக முடிவுகள். நிரூபணம் அநேகமாக இல்லை. ஹார்டி என்ன செய்தார்? 'இவர் ஒரு டைப், விட்டுவிடலாம்' என்று மடித்து வைக்கவில்லை. 'காப்பியடித்தாயா' என்று அடிக்கவும் இல்லை. அடுத்த மாதமே பதில் எழுதி, நிரூபணம் கேட்டார். 1914-ல் நேரிலேயே வரவழைத்து, பக்கத்தில் உட்கார்ந்தார். எழுதிக்காட்டும் முறையைச் சொல்லித் தரவேண்டும், ஆனால் அந்த ஊற்றை அடைத்துவிடக் கூடாது என்று கவலைப்பட்டுக்கொண்டே சொல்லித் தந்தார். 1918-ல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட, எண்களைப் பிரித்துக் கூட்டும் விதங்களைப் பற்றிய கட்டுரை இன்றும் கணித உலகில் நிற்கிறது. அவர் என்னிடம் கற்றதைவிட நான் அவரிடம் கற்றது அதிகம் என்று ஹார்டியே பின்னால் எழுதினார்.

எல்லாப் பிள்ளையும் ராமானுஜன் இல்லை. எல்லா வாத்தியாரும் ஹார்டியும் இல்லை. ஆனால் 'எப்படி?' என்று கேட்டுவிட்டுப் பதில் வருகிறவரை நிற்பதற்கு ஹார்டியாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. என் மனைவி எஸ்.எஸ்.எல்.சி.தான்.

* * *

மகளிடம் சொல்லாமல் மறுபடி பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஆர்க்யூ பண்ணவில்லை. நடந்ததை மிஸ்ஸிடம் சொன்னேன்.

அந்தப் பெண் ரொம்ப நேரம் விடைத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "கிளாஸ்ல நாற்பத்தஞ்சு பேர் ஸார். ஒரு பீரியடு நாற்பது நிமிஷம். ஒருத்தருக்கு ஒரு நிமிஷம்கூட வராது. அந்த டெஸ்ட் வெச்சப்ப, அட்லீஸ்ட் ஒவ்வொருத்தரையும் கவனிச்ச மாதிரி இருந்தது" என்றார்.

எனக்குக் கோபம் போய்விட்டது. என் வாத்தியாருக்கும் ஐம்பது பேர் இருந்திருப்பார்கள். அதை நான் இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. வங்கிக்காரன், எண்ணத் தெரிந்தவன்!

"என் வீட்டம்மாவை வேணும்னா தினம் கண்ணைக் கட்டி அனுப்பறேன்" என்றேன். மிஸ் சிரித்துவிட்டார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக முதுகோடு முதுகு உட்கார வைப்பது. ஒருத்தி தன் படத்தை வாயால் சொல்ல வேண்டும். இன்னொருத்தி அதைப் பார்க்காமல் வரைய வேண்டும். வரையத் தெரியவில்லையென்றால் 'ஏன்?' என்று கேட்க வேண்டும். நாற்பத்தைந்து பேருக்கும் ஒரே நேரத்தில் கேட்க ஆள் கிடைத்துவிடும். வாரத்தில் ஒரு நாள் செய்து பார்க்கிறேன் என்றார். ஒற்றையாக மிச்சமாகும் பிள்ளையோடு தானே உட்காருவாராம்.

அற்புதம் எல்லாம் நடந்துவிடவில்லை. அடுத்த டெஸ்டில் பேத்திக்கு அந்த மாதிரிக் கணக்குக்கு ஐந்துக்கு மூன்றரை. ஆனால் கட்டத்துக்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தாள். 'ஏனென்றால்' என்று ஆரம்பித்திருந்தாள். அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக், கொஞ்சம் பெரிதாகவே.

அன்று சாயங்காலம் தைரியம் வந்து, என் நாலணாக் கதையை அவளிடம் சொன்னேன். ஆபரேஷன் ஆன கண்ணோடு என் மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தாள். பளாரென்று விழுந்த இடம் வரைக்கும் சொல்லி நிறுத்தினேன். அரை நூற்றாண்டுக்கு மேல் உள்ளே இருந்தது வெளியே வந்ததில் எனக்குக் கொஞ்சம் குரல் கம்மிவிட்டது.

பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, மிகவும் மரியாதையாகக் கேட்டாள்.

"நாலணான்னா என்ன தாத்தா?"

மேஜை டிராயரில் தேடி, காண்டாமிருகம் போட்ட 25 பைசா ஒன்றை எடுத்துவந்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.